தேனீப் பெட்டி ஏன் அழுகுவதில்லை?

கொஞ்சம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து அடுப்பங்கரையில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் புளித்த வாடை வீசும், மேலே நுரை கட்டும். இன்னும் சில நாள் விட்டால் பூஞ்சணம் படரும். இனிப்பு, ஈரம், வெதுவெதுப்பு மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் பெருக வேறெதுவும் வேண்டியதில்லை.

இந்த மூன்றும் தேனீப் பெட்டிக்குள் தாராளமாக இருக்கின்றன. அது விரல் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு வாசல் உள்ள மரப்பெட்டி. உள்ளே கும்மிருட்டு. நடுப்பகுதியின் வெப்பம் எப்போதும் 33 முதல் 36 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கும். அந்த நெரிசலில் பல ஆயிரம் உயிர்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, வாயோடு வாய் உணவு பரிமாறி வாழ்கின்றன. சுற்றிலும் சர்க்கரைப் பாகும் மகரந்தமும் மெல்லிய தோலுடைய வெள்ளைப் புழுக்களும் இருக்கின்றன. ஒரு வாரத்தில் நாறிப்போக வேண்டிய இடம் இது. ஆனால் நல்ல பெட்டி ஒன்றைத் திறந்தால் மெழுகும் தேனும் கலந்த மணம்தான் முகத்தில் அடிக்கிறது.

தேனீ வளர்க்கப் புதிதாக வருகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, "இதுக்கு என்ன மருந்து போடணும்?" என்பதைத்தான். கோழிக்கும் வாழைக்கும் மருந்து வாங்கிப் பழகிய கை, தேனீக்கும் ஒரு புட்டியைத் தேடுகிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது: மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வாழும் தேனீ, இத்தனை காலமும் எப்படிப் பிழைத்தது? இதற்கு விடை தெரிந்தால், இயற்கைமுறைத் தேனீ வளர்ப்பு என்பதன் பொருளும் விளங்கிவிடும்.

இலையில் ஊறும் தேன்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம், பேச்சிப்பாறை வரை, தேனீப் பெட்டிகளுக்குப் பேர்போன வட்டாரம். 1910களில் தென்னிந்தியாவில் நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறு பெட்டியை வடிவமைத்து, ஊர் மக்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1920களில், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையம் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் வீடு வீடாகத் தேனீ வளர்ப்பைக் கொண்டுசென்றது. நிலமில்லாதவரும் செய்யக்கூடிய தொழில் என்பதால் அது அங்கே வேரூன்றியது.

அங்கே பெட்டிகளில் இருப்பது இந்தியத் தேனீ. மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும் இனம் அது. அந்த வட்டாரத்தின் பெரும்பகுதித் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். அது ரப்பர் இலையிலிருந்து வருகிறது.

ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலையை உதிர்த்துவிட்டுப் புதுத் தளிர் விடும். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். அந்த மூன்றும் சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால், கடுகை விடச் சிறிய சுரப்பிகள் தெரியும். தளிர் முற்றும் நாட்களில் அவற்றில் இனிப்பு நீர் துளிர்க்கும். தேனீ உறிஞ்சிச் செல்லும் இந்த இனிப்பு நீருக்கு, பூவில் ஊறினாலும் இலையில் ஊறினாலும், மதுரம் என்று பெயர். மதுரம் தேன் ஆகாது. தேனுக்கான மூலப்பொருள் மட்டுமே. அதில் பெரும்பங்கு தண்ணீர். அப்படியே விட்டால் நம் சர்க்கரைத் தண்ணீர் போலவே அதுவும் புளித்துப்போகும்.

ஒரு கிலோ தேனின் கணக்கு

மதுரம் தேனாக மாற எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

நன்றாக முதிர்ந்த ஒரு கிலோ தேனை எடுத்துக்கொள்வோம். அதில் தண்ணீர் நூற்றுக்கு 20 பங்கு. ஆக, 200 கிராம் தண்ணீர், 800 கிராம் சர்க்கரை. (வேறு பொருள்கள் மிகக் கொஞ்சம், எளிமைக்காக அவற்றை விட்டுவிடலாம்.) தேனீ கொண்டுவரும் மதுரத்தில் சர்க்கரை நூற்றுக்கு 30 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 800 கிராம் சர்க்கரை சேர வேண்டுமானால் ஏறக்குறைய 2,670 கிராம் மதுரம் வேண்டும்.

ஒரு தேனீ தன் வயிற்றில் உள்ள தேன்பையில் ஒரு நடைக்கு 30 மில்லிகிராம் சுமக்கிறது என்று கொண்டால், இந்த ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 89,000 நடை. கூட்டிலிருந்து 2,000 தேனீக்கள் வெளியே போய், ஒவ்வொன்றும் நாளைக்குப் பத்து நடை வந்தால், ஒரு நாளைக்கு 20,000 நடை. மதுரம் வந்து சேரவே நாலரை நாள் ஆகிறது. தேனீக்கள் தம் பசிக்கு எடுத்துக்கொள்வதை இதில் நாம் சேர்க்கவே இல்லை.

இனி அடுத்த வேலை. வந்த 2,670 கிராமில் ஒரு கிலோதான் தேன். மீதி 1,670 கிராம் தண்ணீரை ஆவியாக்கி வாசல் வழியே வெளியேற்ற வேண்டும். அடுப்பு கிடையாது. நாக்கும் சிறகும்தான் கருவிகள்.

வெளியிலிருந்து வரும் தேனீ தன் சுமையை உள்ளே காத்திருக்கும் இளைய தேனீயின் வாய்க்கு மாற்றுகிறது. அந்தத் தேனீ நெரிசல் இல்லாத மூலையாகப் பார்த்து, தலையை உயர்த்தி நின்றுகொள்கிறது. மடித்து வைத்திருந்த நாக்கை மெல்ல நீட்டுகிறது. நாக்கின் மடிப்பில் மதுரம் மெல்லிய படலமாக விரிகிறது. திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது, மறுபடி நீட்டுகிறது. கால் மணி நேரத்துக்கும் மேலாக இது தொடரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஈரம் காற்றில் போகிறது. ஒவ்வொரு முறையும் தேனீயின் சுரப்பியிலிருந்து நொதிகள் கொஞ்சம் மதுரத்தில் கலக்கின்றன. நொதி என்பது ஒரு பொருள் இன்னொன்றாக மாறுவதை விரைவாக்கும் உயிர்ப்பொருள். அதன் வேலையைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

பிறகு அந்தத் துளி அறுகோண அறைக்குள் போகிறது. இரவு முழுக்கச் சிறகடித்துக் காற்றோட்டம் உண்டாக்குகிறார்கள் கூட்டுக்காரர்கள். நல்ல தேன் வரத்து உள்ள நாளில், இருட்டிய பின் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தால் விடாத இரைச்சல் கேட்கும். வாசலில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், நம் இந்தியத் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து நின்றுகொண்டு காற்றை உள்ளே தள்ளுவது தெரியும். இத்தாலியத் தேனீ என்று நாம் அழைக்கும் ஐரோப்பிய இனம் இதற்கு நேர்மாறாக, தலையை உள்பக்கம் வைத்து உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும்.

ஈரம் போதிய அளவு குறைந்ததும், அந்த அறையின் வாயை மெழுகால் மூடிவிடுகிறார்கள். தேன் முதிர்ந்துவிட்டது என்பதற்குத் தேனீ வைக்கும் முத்திரை அந்த மூடி.

அவசரத்தின் விலை 67 கிராம்

கணக்கை இன்னும் ஓரடி கொண்டுபோவோம். மூடி விழும் வரை பொறுக்காமல், ஈரம் நூற்றுக்கு 25 பங்கு இருக்கும்போதே தேனை எடுத்துவிட்டால் என்ன கிடைக்கும்? அதே 800 கிராம் சர்க்கரை, 25 பங்கு ஈரத்தோடு சேர்ந்து 1,067 கிராம் எடை நிற்கும். அதாவது கிலோவுக்கு 67 கிராம் கூடுதல். அந்த 67 கிராமும் தண்ணீர்.

இந்தத் தண்ணீருக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. சர்க்கரை அடர்த்தியைத் தாங்கி வளரும் ஈஸ்டுகள் தேனில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஈரம் 20 பங்குக்குக் கீழே இருந்தால் அவை முடங்கிக் கிடக்கும். அடர்ந்த சர்க்கரை அவற்றின் உடலிலிருந்தே நீரை உறிஞ்சிவிடுகிறது. ஈரம் அதற்கு மேலே போகப் போக அவை விழித்துக்கொள்கின்றன. தேன் நுரைக்கிறது, புட்டியின் மூடி உப்புகிறது, புளிப்பு வாடை வருகிறது. இந்திய உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையமும் தேனில் ஈரம் 20 பங்குக்கு மிகக் கூடாது என்றே வரம்பு வைத்திருக்கிறது.

ரப்பர் தளிர் விடும் சில வாரங்களில் மதுரம் வெள்ளமாக வருவதால், அடையைச் சீக்கிரம் காலி செய்தால் மறுபடி நிரம்பும் என்ற எண்ணம் வளர்ப்பவர்களுக்கு வருவது இயல்பு. அதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. பெட்டியின் மேலடுக்கான தேன் அறைக்கு மேல் இன்னொரு தேன் அறையை வைத்துவிட்டால், தேனீக்கள் புது மதுரத்தை அங்கே நிரப்பும். கீழே இருப்பது நிம்மதியாக முதிரும். அடை கட்டிய ஒரு மரச்சட்டத்தில் உள்ள அறைகளில் முக்கால் பங்காவது மூடிய பிறகு எடுப்பது நல்லது. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவியில் ஒரு சொட்டுத் தேனைத் தடவி வெளிச்சத்தில் பார்த்தால் ஈரத்தின் அளவு தெரிந்துவிடும். ஊருக்கு ஒன்று, மகளிர் சுயஉதவிக் குழுவின் பொறுப்பில் இருந்தால் போதும்.

தேனுக்குள் ஒரு காவல்

ஈரம் குறைவதோடு காவல் முடிந்துவிடவில்லை. தேனீ கலந்த நொதிகளில் ஒன்றுக்கு குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்று பெயர். மதுரம் இன்னும் நீர்த்திருக்கும்போது, அது குளுக்கோஸைப் பிடித்து இரண்டு பொருள்களை உண்டாக்குகிறது. ஒன்று குளுக்கோனிக் அமிலம். தேன் நாவில் இனித்தாலும் உண்மையில் புளிப்புத் தன்மை உடையது; அந்தப் புளிப்பைப் பெரும்பாலான பாக்டீரியாக்கள் தாங்குவதில்லை. இன்னொன்று ஹைட்ரஜன் பெராக்ஸைடு. புண்ணைக் கழுவ மருத்துவமனையில் ஊற்றுவார்களே, நுரைத்து வழியுமே, அதே பொருள்தான். தேனின் கிருமி எதிர்ப்பில் பெரும்பங்கு இதனுடையது என்பதை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர் ஜொனாதன் வைட்டும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள்.

இதில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. தேன் முதிர்ந்து கெட்டியானதும் இந்த நொதி வேலையை நிறுத்திக்கொள்ளும். தேன் மறுபடி நீர்த்தால் மறுபடி வேலையைத் தொடங்கும். ஈரம் குறையும் வரை பெராக்ஸைடு காக்கிறது, குறைந்த பிறகு வறட்சி காக்கிறது. எந்தக் கட்டத்திலும் மதுரம் காவலின்றி நிற்பதில்லை.

முதிராத தேனை எடுத்து, ஈரத்தைப் போக்க அடுப்பில் சூடேற்றும்போது இந்த ஏற்பாடு குலைகிறது. கடும் வெப்பத்தில் நொதி சிதைந்துவிடும்; மணமும் போய்விடும். தேனீக்குச் சில நாள் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அதே வேலையை அது சிறகாலேயே செய்து முடித்திருக்கும்.

குஞ்சைக் காக்கும் கூட்டம்

தேன் கெடாததன் காரணம் புரிந்தது. புழுக்கள் எப்படிப் பிழைக்கின்றன?

தேனீக் கூட்டின் நடுவே, பெட்டியின் கீழறையில், ராணி முட்டையிடுகிறது. முட்டை புழுவாகி, அறை மூடப்பட்டு, கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய மூன்று வாரத்தில் பணித் தேனீயாக வெளிவருகிறது. இந்த நாட்களில் ஒவ்வோர் அறையையும் செவிலித் தேனீக்கள் ஓயாமல் எட்டிப் பார்க்கின்றன. நோயுற்ற குஞ்சின் வாடை அவற்றுக்குத் தெரிகிறது. உடனே மெழுகு மூடியைக் கடித்துத் திறந்து, உள்ளே இருப்பதை இழுத்து, வாசலுக்குக் கொண்டுவந்து, தூக்கிப் பறந்து தூரத்தில் போட்டுவிட்டு வருகின்றன. காலை நேரத்தில் பெட்டியின் முன்னால் மண்ணில் குனிந்து பார்த்தால், கண் மட்டும் சிவந்து மற்றபடி வெண்மையாக இருக்கும் கூட்டுப்புழு ஒன்றிரண்டு கிடப்பதைக் காணலாம். புதியவர்கள் பதறுவார்கள். கூட்டம் தன்னைச் சுத்தம் செய்துகொள்வதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். இந்தக் குணத்தைத் துப்புரவுக் குணம் என்போம். இது பெற்றோர் வழியாகக் குஞ்சுகளுக்கு வரும் பரம்பரைக் குணம் என்று 1964இல் வால்டர் ரோத்தன்புலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் தன் சோதனைகளால் காட்டினார்.

இந்தக் குணத்தின் வலிமையை ஒரு சிறு உயிரியின் வரலாறு சொல்கிறது. வர்ரோவா என்பது தேனீயின் உடலில் ஒட்டி வாழும் செந்நிற உண்ணி. குண்டூசித் தலையளவுதான் இருக்கும். 1904இல் ஜாவாவில், நம் இந்தியத் தேனீயின் இனத்தில்தான் அது முதலில் கண்டறியப்பட்டு விவரிக்கப்பட்டது. இந்த இனத்தில் அதனால் ஆண் தேனீயின் அறைகளில் மட்டுமே இனம் பெருக்க முடிகிறது. ஆண்களோ சில பருவங்களில்தான் பிறக்கின்றன. ஆகவே உண்ணி இருக்கும், ஆனால் மிஞ்சாது. ஐரோப்பியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்தபோது உண்ணி அதற்குத் தாவியது. அந்த இனத்தில் பணித் தேனீயின் அறைகளிலும் அது பெருகியது. 1987இல் அமெரிக்காவுக்கும் 1992இல் பிரிட்டனுக்கும் போய்ச் சேர்ந்து, உலகத் தேனீ வளர்ப்பையே ஆட்டிவைத்தது.

நம் தேனீயிடம் உண்ணி ஏன் தோற்கிறது என்பதற்கு 2016இல் வெளியான ஓர் ஆய்வு வியப்பான விடை தந்தது. உண்ணி கடித்த பணித் தேனீக் குஞ்சு நோயைத் தாங்கி வளர முயல்வதில்லை. சீக்கிரமே வளர்ச்சி நின்று வாடிவிடுகிறது. அதன் வாடையறிந்து செவிலிகள் அதை வெளியேற்றுகின்றன. உண்ணியின் குட்டிகளும் அதோடு போகின்றன. குஞ்சின் பலவீனமே கூட்டத்தின் பலமாகிறது.

ஒரு பெரும் நோயும் அதற்குப் பின்னும்

இதனால் நம் தேனீக்கு எந்த நோயும் வராது என்று எண்ணிவிடக் கூடாது. 1991, 92இல் தென்னிந்தியாவில் தாய்லாந்து பைப்புழு நோய் பரவியது. இது வைரஸ் நோய். தாக்குண்ட புழு கூட்டுப்புழுவாக மாற முடியாமல், தலையை மேல்நோக்கி நீட்டியபடி செத்துக் கிடக்கும். இடுக்கியால் எடுத்தால் நீர் நிரம்பிய சிறு பையாக வரும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் பெட்டிகளில் இருந்த கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அழிந்தன என்பது பொதுவான மதிப்பீடு. தேனை நம்பியிருந்த குடும்பங்கள் வெறும் பெட்டிகளை அடுக்கி வைக்க வேண்டியதாயிற்று.

வைரஸை ஆன்டிபயாட்டிக் மருந்துகள் ஒன்றும் செய்யாது. அவை பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். கொடுத்த மருந்தெல்லாம் பணத்துக்கும் தேனுக்கும் கேடு. தொழிலை மீட்டவை எஞ்சிய கூட்டங்கள். நோய் சூழ்ந்தபோதும் சாகாமல் நின்ற பெட்டிகளிலிருந்தும், காட்டிலும் தோட்டத்து மரப்பொந்துகளிலும் தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்தும் புதுக் கூட்டங்கள் பிரித்து வளர்க்கப்பட்டன. நோய் கண்ட கூட்டில் ராணியைச் சில வாரம் சிறு கூண்டில் அடைத்து முட்டையிடாமல் தடுப்பதும் பலன் தருகிறது. புழுவே இல்லாத இடைவெளியில் வைரஸ் பெருக வழியின்றிப் போகிறது. பணித் தேனீக்கள் அடையைத் துடைத்துச் சுத்தம் செய்ய அவகாசம் கிடைக்கிறது.

போட்ட மருந்து எங்கே போகிறது?

பெட்டிக்குள் போடும் மருந்துக்கு வெளியேற வழி கிடையாது. நீரில் கரைவது தேனுக்குள் போகும். கொழுப்பில் கரைவது மெழுகில் தங்கும். உண்ணியைக் கொல்லும் மருந்துகள் பல இரண்டாவது வகை. அந்த மெழுகை உருக்கி, அடை கட்ட அடித்தளமாகும் மெழுகுத் தாளாக்கி மறுபடி பெட்டியில் வைக்கும்போது, அடுத்த தலைமுறைக் குஞ்சு மருந்தில் தோய்ந்த தொட்டிலில் வளர்கிறது. அதே மருந்தைத் தொடர்ந்து போட்ட நாடுகளில் அதைத் தாங்கும் உண்ணிகள் தோன்றிவிட்டன. பலவீனமான கூட்டத்தை மருந்தால் நிமிர்த்தி வைத்து அதிலிருந்தே புதுக் கூட்டம் பிரித்தால், ஊர் முழுக்க அந்தப் பலவீனமும் பரவும்.

சந்தையும் இதைக் கவனிக்கிறது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேன் இறக்குமதியை நிறுத்திவைத்தது. ஆன்டிபயாட்டிக் போன்ற எச்சங்களைக் கண்காணிக்கும் ஏற்பாடு போதவில்லை என்பது அதன் குறை. ஒரு சிலர் பெட்டியில் போட்ட மருந்து, நாட்டின் தேன் முழுவதற்கும் கெட்ட பெயர் வாங்கித் தந்துவிடும்.

மருந்துக்குப் பதில் செய்ய வேண்டியவை கைவேலைகள். வாரம் ஒருமுறை அடிப்பலகையில் சேரும் மெழுகுத் துகளைத் துடைத்தால் மெழுகுப் பூச்சியின் புழுக்களுக்கு இரை கிடைக்காது. தேனீ மூடி நிற்காத அடையில்தான் அந்தப் பூச்சி நுழையும். எனவே வெறுமையாகக் கிடக்கும் பழைய கறுத்த அடையை வெட்டி எடுத்துவிட்டு, தேனீக்களைப் புது அடை கட்ட விட வேண்டும். பெட்டியைத் தாங்கும் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. நோயில்லாத, ஆனால் ஆள் குறைந்த கூட்டத்தை இன்னொன்றோடு சேர்த்துவிடலாம்.

குண்டூசிச் சோதனை

எந்தக் கூட்டத்திலிருந்து புதுக் கூட்டம் பிரிப்பது என்பதை ஊரே சோதித்து முடிவு செய்யலாம். மூடிய புழு அறைகள் நெருக்கமாக உள்ள ஒரு சட்டத்தை எடுங்கள். ஐம்பது அறைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு மூடியின் நடுவிலும் மெல்லிய ஊசியால் உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவைத் தொடும்படி ஒரு குத்து. சட்டத்தைத் திரும்ப வைத்துவிடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குத் திறந்து, எத்தனை அறைகள் முழுதாகத் துடைக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணுங்கள். 48 அறைகளைத் துடைத்த கூட்டமும் 20 அறைகளைத் துடைத்த கூட்டமும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். எந்த ராணியின் மகள்கள் ஊருக்கு வேண்டும் என்பதை அந்த எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். ஐம்பது குஞ்சுகள் போவது வருத்தம்தான்; பருவத்தில் நாளொன்றுக்குச் சில நூறு முட்டையிடும் ராணி அதை விரைவில் ஈடுகட்டிவிடும்.

எல்லாப் பெட்டிகளையும் ஒரே நாளில் சோதித்து, முடிவுகளை ஒரே நோட்டில் எழுதினால்தான் ஒப்பிட முடியும். ராணி பறந்து இணைவது பக்கத்து வீட்டுப் பெட்டிகளின் ஆண் தேனீக்களோடும்தான். அதனால் ஒருவர் மட்டும் நல்ல கூட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பயனில்லை.

வேலியைத் தாண்டும் கால்நடை

இங்கேதான் தேனீ மற்ற கால்நடைகளிலிருந்து வேறுபடுகிறது. ஆட்டைக் கட்டி மேய்க்கலாம், கோழியைக் கூண்டில் அடைக்கலாம். தேனீ தானாகப் பறந்து மேயும். பெட்டியைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் மேய்ந்தாலும், அந்த வட்டத்தின் பரப்பு 314 எக்டேர், அதாவது 775 ஏக்கருக்கு மேல். அதில் பெட்டிக்காரரின் சொந்த நிலம் அரை ஏக்கராக இருக்கலாம். மற்றதெல்லாம் பிறர் தோட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண் விதிகள் பெட்டியைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் வரை கணக்கில் எடுப்பதும் இதனால்தான்.

குமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களையே பார்ப்போம். தளிர் இலையில் வெள்ளைப் பூஞ்சை நோய் வராமல் தடுக்கக் கந்தகப் பொடி தூவும் வழக்கம் உண்டு. தூவும் பருவமும் தேன் ஊறும் பருவமும் ஒன்றே. தேனீ குடிக்க உட்காரும் அதே தளிரில் பொடி விழுகிறது. பெட்டிக்காரர் தன் பெட்டிக்குள் ஒரு சொட்டு மருந்தும் போடாதவராக இருக்கலாம். பக்கத்துத் தோட்டக்காரர் அவரிடம் சொல்லாமல் தூவினால் அந்த ஆண்டின் உழைப்பு போயிற்று. தோட்டக்காரர் கெட்டவர் அல்லர். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எனவேதான் தேனீக் கல்வி பெட்டி வைத்திருப்பவருக்கு மட்டும் உரியது என்று நிறுத்த முடியாது. தோட்டக்காரருக்கு ஒரு பாடம்: தூவுவதற்கு முதல் நாள் தகவல் சொல்லுங்கள், பெட்டியை நகர்த்தவோ, காற்றுப் போக வழிவிட்டு வாசலைச் சில மணி நேரம் அடைக்கவோ முடியும். தெளிக்கும் மருந்தாக இருந்தால், தேனீக்கள் கூடு திரும்பிய பின் அந்தி வேளையில் தெளியுங்கள். மரம் வெட்டுபவருக்கு ஒரு பாடம்: பொந்துள்ள கிழமரம் ஒன்றிரண்டை விட்டுவையுங்கள், 1992க்குப் பிறகு தொழில் மீண்டதில் அந்தப் பொந்துகளுக்குப் பங்குண்டு. பொந்துக் கூட்டைத் தீயிட்டு அழிக்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. ரப்பர் சுரப்பு நின்றதும், ஜூன் முதல் மழை பிடித்துக்கொள்ளும். மேய்ச்சல் குறையும் அந்த மாதங்களில்தான் பசித்த கூட்டங்கள் பெட்டியை விட்டு ஓடிவிடுகின்றன. கீழறையில் இருக்கும் தேனைத் தொடாமல் விடுவது முதல் பாதுகாப்பு. வேலியோரம் கொடிரோஸ் படர விடலாம். துளசியும் முருங்கையும் வைக்கலாம். ஆண்டு முழுக்கப் பாளை விடும் தென்னை இருக்கவே இருக்கிறது.

தேன் வாங்குபவர்களும் ஒன்று கற்க வேண்டும். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, திரியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது, இவற்றில் எதுவும் கலப்படத்தைக் காட்டாது. உறைவதும் கலப்படத்தின் அடையாளம் அல்ல. குளுக்கோஸ் மிகுந்த நல்ல தேன் குளிரில் உறையும். "எப்போது எடுத்தது, மூடிய அடையில் எடுத்ததா, சூடேற்றியதா?" என்று கேட்டு வாங்குங்கள். முதிரும் வரை பொறுத்தவருக்கு அந்த 67 கிராமின் விலையைச் சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவர் பொறுமைக்கு விலை கொடுத்தால்தான் வளர்ப்பவர் பொறுமையாக இருக்க முடியும்.

பெட்டி அழுகாமல் இருப்பதற்குத் தேனீக்கு வேண்டியவை இரண்டே: முதிர அவகாசம், மேய நஞ்சில்லாத வெளி. முதலாவதைப் பெட்டிக்காரர் கொடுத்துவிடலாம். இரண்டாவதை ஊர்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் பெட்டி வாங்க நினைத்திருந்தால், பணத்தைக் கொடுக்கும் முன் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டத் தோட்டங்களுக்கு ஒரு நடை போய்வாருங்கள். "அண்ணே, கந்தகப் பொடி எப்பம் அடிக்கப் போறிய?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அப்போது நீங்கள் சொல்லும் பதிலிலிருந்து ஊரின் தேனீக் கல்வி தொடங்கட்டும்.